டெலிபோன் பெட்டியை மறைக்கலாம், புதைக்கக் கூடாது!

தை பிறப்பதற்கு முன்னால் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வீடு வீடாக வெள்ளை அடிக்கும் வேலை நடக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் அடித்தார்கள். இப்பொழுது பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, எமல்ஷன் பூசுகிறார்கள். சாமான்கள் மாறினாலும் முறை மாறவில்லை. பீரோவை நகர்த்த வேண்டும், படங்களை இறக்க வேண்டும், ஆணிகளைப் பிடுங்க வேண்டும். அப்பொழுதுதான் கூடத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பழுப்பேறிய ஒரு சின்னப் பெட்டி கண்ணில் படுகிறது. அதுதான் டெலிபோன் பெட்டி.

"ஏனுங்கம்மா, இந்தப் போன் பெட்டியைப் பேத்துப்போட்டுப் பட்டி வெச்சு மூடீரலாங்களா?" என்று பெயிண்டர் கேட்கிறார்.

"அது செத்துப் பல வருசமாச்சு தம்பி. மூடிப்போடு" என்கிறார் வீட்டுக்கார அம்மாள்.

"இருக்கட்டும் அம்மிணி. அதுக்குச் சோறா போடறோம்?" என்று திண்ணையிலிருந்து மாமனாரின் குரல் வருகிறது.

இப்படி ஒரு பேச்சு நடக்காத பழைய வீடு இந்த வட்டாரத்தில் அபூர்வம். இதில் யார் பக்கம் நியாயம்? அம்மாள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாமனார் பக்கமும் இருக்கிறது. புதுச் சுவரில் அழுக்குப் பெட்டி அசிங்கந்தான். அதை மறைப்பதில் தவறில்லை. ஆனால் மறைப்பது வேறு, புதைப்பது வேறு. மறைத்ததை வேண்டும்போது திறக்கலாம். புதைத்ததைத் தேட வேண்டுமானால் சுவரைத்தான் உடைக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்க்காமல், கையில் கரண்டி இருக்கிறது, வாளியில் பட்டி இருக்கிறது என்பதற்காகப் பூசி மெழுகிவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

தவம் கிடந்து வாங்கிய பெட்டி

இந்தப் பெட்டி சுவருக்கு எப்படி வந்தது என்பதை இளைஞர்கள் அறியமாட்டார்கள். 1882-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் டெலிபோன் நிலையங்கள் தொடங்கப்பட்டன. அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நாடு சுதந்திரம் அடைந்தபோது, தேசம் முழுவதிலும் சுமார் 80 ஆயிரம் டெலிபோன்கள்தான் இருந்தன. டெலிபோன் என்றால் பெரிய பண்ணைக்காரர், மில் முதலாளி, டாக்டர், கலெக்டர் ஆபீஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதிலும் ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று தரம் உண்டு. அவசரத்துக்குத் தகுந்த கட்டணம். சந்தாதாரரே நேராக எண்ணைச் சுழற்றி வெளியூர் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960-ஆம் ஆண்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான் முதலில் வந்தது. அது தேசம் முழுவதும் பரவப் பல ஆண்டுகள் ஆயின. மனுப் போட்டுவிட்டு இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ! கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிட டெலிபோன் கிடைப்பது கடினம் என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்ட காலம் அது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு டெலிபோன் வெறும் ஆடம்பரமாக இருக்கவில்லை. லாரித் தொழில், கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, திருச்செங்கோட்டு ரிக் வண்டி எல்லாமே தூரத்து ஊர்களை நம்பிய பிழைப்புகள். எங்கே லோடு இருக்கிறது, முட்டை என்ன விலைக்குப் போகிறது, வடக்கே போன வண்டி எந்த ஊரைத் தாண்டியது என்பதெல்லாம் டெலிபோன் மணி அடித்தால்தான் தெரியும். மணி அடிக்கும்வரை டிரைவரின் மனைவி தூங்கமாட்டாள். 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கிய நாட்களில், கூடத்தில் டெலிபோன் இருப்பது அந்த ஊர்களில் குடும்பத்துக்கே ஒரு கௌரவம். சேலத்துக்கு 0427, நாமக்கல்லுக்கு 04286 என்று குழந்தைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள்.

பிறகு செல்போன் வந்தது. இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி நடந்தது. 2003-ஆம் ஆண்டு மே மாதம் முதல், செல்போனுக்கு வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆயிற்று. 2006-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 5 கோடியாக இருந்த கம்பிவழி டெலிபோன் இணைப்புகள் அதன்பின் பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. கருவி பரணுக்குப் போயிற்று. பெட்டி மட்டும் சுவரிலேயே நின்றுவிட்டது.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

பெட்டியை என்ன செய்வது என்று முடிவு செய்யுமுன் அதன் பின்னால் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

டெலிபோனுக்கு வருவது இரண்டே செம்புக் கம்பிகள். கூடத்து மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெலிபோன் நிலையத்தில் உள்ள பாட்டரியிலிருந்து 48 வோல்ட் அழுத்தம் அந்தக் கம்பிகளில் எப்பொழுதும் இருக்கும். அதனால்தான் ஊரில் கரண்ட் போனாலும் டெலிபோன் வேலை செய்தது. மணி அடிக்கும்போது மட்டும் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் வரும். கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கையில் மணி அடித்தால் கையில் 'சுரீர்' என்று ஒரு கடி விழும். உயிரைப் பறிக்காது என்றாலும், ஏணிமேல் நிற்பவரைத் திடுக்கிட்டு விழ வைக்க அது போதும்.

இணைப்பு செத்துவிட்டது என்று வீட்டார் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. பில் கட்டாததால் பேச்சு நின்றிருக்கலாம். கம்பி வெளியே துண்டிக்கப்படாமலே இருக்கலாம். மேலும் பழைய வீடுகளில் டெலிபோன் வயரும் மின்சார வயரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவது உண்டு. ஆகவே, பெட்டியைத் திறக்குமுன் மெயின் சுவிட்சை அணைப்பதே நல்லது.

இப்பெட்டிகள் இரண்டு வகை. ஒன்று, சுவரின் மேலேயே திருகி வைத்தது. இதற்கு வயர் வாசற்படி ஓரமாகக் கிளிப் அடித்து வந்திருக்கும். இரண்டாவது, சுவருக்குள் குழாய் பதித்து, அதன் வழியாக வயரை இழுத்துக்கொண்டு வந்த பெட்டி. வீடு கட்டும்போதே யோசித்து வைத்தது இது.

முதல் வகைக்குச் சண்டையே வேண்டாம். பெட்டி, வயர், கிளிப் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டைகளை அடைத்து, வெள்ளை அடித்துவிடலாம். சுவருக்குள் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே, பின்னால் ஒரு தொல்லையும் இல்லை. வழக்கெல்லாம் இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

மூன்று தவறுகள்

இந்த இரண்டாவது வகைப் பெட்டியை மறைப்பதாக நினைத்து ஜனங்கள் மூன்று விதமான தவறுகளைச் செய்கிறார்கள்.

முதல் தவறு, பெட்டியோடு சேர்த்துப் பெயிண்டை அடித்துவிடுவது. பெயிண்ட் திருகாணியின் காடியில் இறங்கி இறுகிவிடும். துளைக்குள்ளும் புகுந்து தகடுகளை மூடிவிடும். பிறகு திருப்புளியை வைத்தால் திரும்பாது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பெட்டியும் மறையாது, வர்ணம் பூசிய ஒரு கட்டியாகச் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது தவறு, காலண்டரையோ படத்தையோ மாட்டி மறைப்பது. பெட்டி முழ உயரத்தில் இருந்தால் இது நடக்காது; இடுப்புக்கு மேலே இருந்தால் நடக்கும். மறைப்பில் குற்றமில்லை; ஆணியில்தான் குற்றம். பெட்டிக்கு நேர் மேலே அல்லது நேர் கீழேதான் பெரும்பாலும் குழாய் போகும். அதே நேர்கோட்டில் ஆணி அடித்தால் ஆணி குழாய்க்குள் இறங்கும்.

மூன்றாவது தவறு எல்லாவற்றிலும் பெரியது. பெட்டியைப் பெயர்த்து, வயரை வெட்டி, சிமெண்டும் பட்டியும் வைத்து வழவழவென்று தேய்த்துவிடுவது. பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சுவருக்குள் ஒரு கம்பி ஓடுகிறது என்ற செய்தியும் அதோடு புதைந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து டெலிவிஷன் மாட்ட ஒருவர் துளை போடுவார். துளைக்குள்ளிருந்து வயர் ஒன்று எட்டிப் பார்க்கும். அது கரண்ட் வயரா, வேறா என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வீட்டில் இருப்பவர்கள் வாடகைக்காரராக இருக்கலாம்; வீட்டை விலைக்கு வாங்கியவராக இருக்கலாம். அவர்கள் யாரைக் கேட்பார்கள்?

குழாய் ஒரு சொத்து

புதைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அந்தக் குழாயின் மதிப்பு. இன்டர்நெட் இப்பொழுது கண்ணாடி இழை வழியாக வீட்டுக்கு வருகிறது. இழை கொண்டுவருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போடுகிறார்கள். அல்லது புதிதாகப் பூசிய சுவரில் துளையிட்டு, கூடத்தின் குறுக்கே கறுப்பு வயரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். பெட்டி அசிங்கம் என்று மூடிய வீட்டில், பெட்டியைவிட அசிங்கமாக வயர் தொங்குகிறது!

சுவருக்குள் ஏற்கெனவே ஒரு பாதை இருக்கிறது. அதற்குள் ஒரு செம்புக் கம்பியும் இருக்கிறது. அந்தக் கம்பியின் ஒரு முனையில் உறுதியான நூல் கயிற்றைக் கட்டி, மறுமுனையிலிருந்து மெல்ல இழுத்தால், கம்பி வெளியே வரும். கயிறு உள்ளே நிற்கும். பிறகு அந்தக் கயிற்றால் எதையும் இழுத்துக்கொள்ளலாம். கயிறு கட்டாமல் கம்பியை மட்டும் உருவி எறிந்துவிட்டால் பாதை இருந்தும் பயனில்லை. கண்ணாடி இழையைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. மடித்தால் ஒளி கசியும், இழை முறியவும் கூடும். ஆகவே குழாயில் நேர்க்கோண வளைவு இருந்தால் வேலை தெரிந்தவரைக் கேட்டுக்கொண்டு இழுக்க வேண்டும். இழுக்கும்போது கம்பி அசையாமல் இறுகி நின்றால், பலாத்காரம் செய்யாமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

எப்படி மறைப்பது?

வேலை பெரிதல்ல. கடையில் 'டம்மி பிளேட்' என்று கேட்டால் துளை இல்லாத வெறும் மூடித் தகடு கொடுப்பார்கள். பெட்டியின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய மூடியைக் கழற்றி, இரண்டு கம்பி முனைகளையும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே மடித்து வைக்க வேண்டும். ஒன்றோடொன்று முறுக்கி வைக்கக் கூடாது. இணைப்பு உயிரோடிருந்தால், ரிசீவரை எடுத்து வைத்தது போலாகி லைன் கெட்டுப்போகும்.

உள்ளே பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் குளவி மண்ணும் இருக்கும். அதையெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும். பெட்டி விளிம்பைச் சுற்றிப் பழைய சுண்ணாம்பு பல அடுக்காக ஏறியிருக்கும். அதைச் சுரண்டாமல் மேலே எமல்ஷன் அடித்தால் சீக்கிரம் உரிந்துவிடும். சுரண்டிய பள்ளத்தில் ஒரே தடவையாகப் பட்டியை அப்பக் கூடாது, காய்ந்ததும் வெடிக்கும். மெல்லியதாக இரண்டு முறை வைத்து, ஒவ்வொரு முறையும் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்துக்கும் பிரைமர் கொடுக்க வேண்டும். பிரைமர் கொடுக்காத இடம் வர்ணத்தை அதிகமாக உறிஞ்சி, திட்டுத் திட்டாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

சுவரின் வர்ணம் காய்ந்த பிறகு, டம்மி தகட்டைத் தனியாக அதே வர்ணம் பூசி மாட்டினால், பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். தகட்டின் உள்பக்கத்தில், 'டெலிபோன் வயர். வெளியே துண்டித்தது' என்று எழுதி, தேதியையும் போட்டு வைக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. நாளைக்குத் திறந்து பார்க்கிறவர் வாழ்த்துவார்.

வெளியே பார்க்க மறக்காதீர்கள்

கூடத்தை அழகு செய்துவிட்டு, வெளியே இருப்பதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கம்பத்திலிருந்து தாழ்வாரம் வரை டெலிபோன் கம்பி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். கோடை மழையின் இடியும் மின்னலும் இந்தச் சமவெளிக்குப் பழக்கமானவை. ஆகாயத்தில் தொங்கும் கம்பி, இடியின் வேகத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் வழி. உள்ளே பெட்டியை மூடிவிட்டதனால் அந்த வழி அடைபடுவதில்லை. கம்பியை வெளியிலேயே முறைப்படி துண்டிக்க வேண்டும். அந்த வேலையை டெலிபோன் இலாகாவின் லைன்மேன் செய்ய வேண்டும். வீட்டுப் பையன் ஏணி போட்டு ஏறக் கூடாது. கம்பத்தில் மின்சாரக் கம்பியும் பக்கத்தில் போகும் அல்லவா?

வயர் நுழையும் துளை வழியாக மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும். புதுப் பெயிண்ட் ஒரே மழையில் கொப்புளம் கிளம்பினால் பெயிண்டரைத் திட்டுவார்கள், துளையைப் பார்க்கமாட்டார்கள். வெளித்துளையை முதலில் அடைத்து, பிறகுதான் உட்சுவருக்கு வர வேண்டும். குழாயைப் பிற்காலத்துக்காக வைத்திருக்க விரும்பினால், வாயைக் கழற்றக்கூடிய மூடியால் அடைக்க வேண்டும்.

பணவிஷயமும் ஒன்று உண்டு. இணைப்பு வாங்கும்போது கட்டிய வைப்புத் தொகை, இணைப்பை முறைப்படி ஒப்படைத்தால், பாக்கி போகத் திரும்பக் கிடைக்கக்கூடியது. பழைய ரசீதும் பில்லும் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன என்று வெள்ளை அடிக்கும் சமயத்தில் தேடுவதைவிட நல்ல வேளை வராது.

சுவரே டைரி

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று மிச்சமிருக்கிறது. டெலிபோன் பெட்டிக்கு மேலே உள்ள சுவரைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பென்சிலால், கரியால், நீல மையால் எழுதிய எண்கள் இருக்கும். லாரி புக்கிங் ஆபீஸ், தீவனக் கடை, டாக்டர், கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் பக்கத்து வீடு, பட்டாளத்தில் இருந்த பிள்ளை எந்த நேரத்தில் பேசுவான் என்ற குறிப்பு. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் எண்களுக்கு முன்னால் 2 என்ற இலக்கம் சேர்க்கப்பட்டது. அந்த 2 பிற்பாடு இடுக்கில் நுழைத்து எழுதப்பட்டிருந்தால், முதலில் எழுதிய வருஷத்தையும் ஊகிக்கலாம்.

அந்த எண்களில் பல இன்று மணி அடிக்கமாட்டா. எழுதிய கையும் சில வீடுகளில் இல்லை. தாத்தாவின் கையெழுத்து வீட்டில் வேறெங்கும் இல்லாமல் அந்தச் சுவரில் மட்டும் இருக்கக்கூடும். அவர் கடிதம் எழுதினவர் அல்ல. புத்தகம் எழுதினவரும் அல்ல. மகள் வீட்டு எண்ணை மறந்துவிடக் கூடாது என்று எழுதினார். ஒரு கை பட்டி அதை நொடியில் அழித்துவிடும். அழிக்க வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. சுவர் புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அழிக்குமுன் ஒரு நோட்டில் எடுத்து எழுதிக்கொள்ளலாம். செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளலாம். திண்ணையில் இருக்கும் பெரியவர் ஆட்சேபிப்பது பெட்டிக்காக அல்ல என்பதும் அப்பொழுது விளங்கும்.

பெரியவரைக் கேட்டீர்களா?

"ஒரு காசு பெறாத பெட்டிக்கு இவ்வளவு யோசனையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெலிபோன் போய்விட்டது என்பது உண்மை. உலகமே அந்த வழியில்தான் போகிறது. பிரிட்டனில் பழைய செம்புக்கம்பி டெலிபோன் முறையை 2027-ஆம் ஆண்டு ஜனவரிக்குள் நிறுத்திவிடத் திட்டமிட்டார்கள். முதலில் 2025-ஆம் ஆண்டின் முடிவு என்றுதான் தேதி வைத்தார்கள். தனியே வாழும் முதியோர்களும், அபாய மணியை டெலிபோன் கம்பியில் இணைத்திருந்த நோயாளிகளும் என்ன ஆவார்கள் என்ற கேள்வி எழுந்தது. தேதியைத் தள்ளி வைத்தார்கள். பழைய டெலிபோன் நிலையத்துப் பாட்டரியில் ஓடியது. புது டெலிபோனுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால், தனி பாட்டரி வைத்தாலொழிய அது ஊமை.

அங்கே ஒரு தேசம் யோசித்ததை இங்கே ஒரு குடும்பம் யோசிக்கக் கூடாதா? கண் மங்கிய பாட்டிக்குச் செல்போனின் வழவழப்பான கண்ணாடி பிடிபடாது. பெரிய பொத்தான் உள்ள டெலிபோன், எப்பொழுதும் ஒரே இடத்தில் இருப்பது, தடவிப் பார்த்தே எடுக்கக்கூடியது. அந்த வீட்டில் இணைப்பு உயிரோடிருந்தால், பெட்டியை மூடுமுன் பாட்டியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டும் என்றால், பெட்டியின் வாயில் ஒட்டுக் காகிதம் ஒட்டிவிட்டுச் சுற்றிலும் பெயிண்ட் அடித்து, புது மூடி போட்டுவிடலாம். வேண்டாம் என்றால் டம்மி தகடு இருக்கவே இருக்கிறது. எப்படியானாலும், கேட்காமல் மூடினார்கள் என்ற மனக்குறை மிஞ்சாது.

நல்ல வெள்ளையடிப்பு என்பது சுவரை வழவழவென்று ஆக்குவது மட்டுமல்ல. பின்னால் வருகிறவர் கை வைத்தால் ஏமாறாதபடி செய்வதும் அதில் சேர்ந்தது. டம்மி தகட்டுக்கும் இரண்டு திருகாணிக்கும் ஆகும் செலவு ஒரு வேளைக் காபிச் செலவுக்கு மேல் அதிகம் போகாது. அதை மிச்சம் பிடிப்பதற்காகச் சுவருக்குள் ஒரு புதிரை வைத்துப் பூசுவது எந்த ஊர் சிக்கனம்? இந்தத் தை மாதத்துக்குப் பட்டி வாளியோடு பெயிண்டர் வந்து நிற்கும்போது, "மூடிப்போடு" என்று சொல்வதற்குப் பதிலாக, "கழற்றுகிற மாதிரி மூடு" என்று இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் போதும்.